ஜால்ரா போன வழி

தணிகாசலம் வீட்டு ஆடியோ அலமாரியில், பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிரீஆம்ப்கள் இரண்டு இருந்தன. சின்னதற்குக் கரண்டே வேண்டாம். சத்தத்தைக் குறைக்க ஒரு குமிழ் மட்டும்தான். பெரியது கரண்டில் ஓடி, பாட்டுக்கு வலு சேர்ப்பது. இரண்டையும் கேட்டுப் பார்த்து, ஒன்றைக் கடைக்கே திருப்பிவிடுவதாக இருந்தார்.

"வர்ற பாட்டையெல்லாம் தூக்கிவிடுறதுக்குப் பேரு ஜால்ரா போடுறது அண்ணே," என்றது சின்னது. "நான் எதையும் சேர்க்கவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன்."

"சரி தம்பி," என்றது பெரியது.

தணிகாசலம் ஆம்ப்ளிஃபயரைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றி, நீளமாக வயர் இழுத்து, சின்னதன் வழியாக ஒரு பஜனைப் பாட்டைப் போட்டார்.

"இதுல ஜால்ராவே இல்லையே," என்றார்.

"கேட்டீங்களாண்ணே?" சின்னதற்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நொடி அதன் வயரை அவர் பிடுங்கினார். அதே வயரைப் பெரியதில் செருகி அதே பாட்டைப் போட்டதும், ஜால்ரா கணீரென்று கேட்டது.

"நான் எடுக்கலையே அண்ணே," என்றது சின்னது, அட்டைப்பெட்டிக்குள் போகும்போது.

"நீ எடுக்கல தம்பி," என்றது பெரியது. "அவ்வளவு நீள வயர்ல ஜால்ராவைத் தள்ளிவிட உனக்குத் தெம்பில்ல. வழியிலேயே விழுந்துடுச்சு."