ஞாயிறு மதியம் ஏறிய கோடு

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்ன பண்ணீங்க?"

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் டெக்னீஷியன் பெண்.

பரிசோதனைக் கட்டிலில் படுத்திருந்த பி.டி. டீச்சருக்கு முகம் சூடேறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு வேர்த்துவிட்டது.

பள்ளி மைதானத்தில் விசில் ஊதப் போனவள் அப்படியே சரிந்து விழுந்த பிறகு, அவள் நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். இதயம் தறிகெட்டு ஓடினால் ஒரு ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும்.

கூடவே, துடிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் பதிந்து வைத்துக்கொள்ளும் என்பது இருவருக்கும் இன்றுதான் தெரியும்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். டன் கணக்கில் இரும்பை அலுங்காமல் தூக்கி வைக்கிறவன், மனைவி தோளில் கை போடப் பயந்து ஹால் சோபாவுக்குக் குடிபோனான்.

குறட்டை வருகிறது, உன் தூக்கம் கெடும் என்று காரணம் சொன்னான். ஹாலிலிருந்து குறட்டை வரவேயில்லை. புரண்டு புரண்டு படுக்கும் சத்தம்தான் வந்தது.

தழும்பு பிடிக்கவில்லை போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தான் தொடப் போய் அவள் நெஞ்சு படபடத்து, அந்தக் கருவி ஷாக் அடித்து... அதற்கு மேல் நினைக்கவே அவனுக்குத் தைரியம் இல்லை. டாக்டரிடம் கேட்கலாமென்றால் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

போன ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும் அவள் சோபாவுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க, ஒரு தடவை குறட்டை விடுங்க பாப்போம்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு அழுதான். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அந்த மதியம்தான் இப்போது திரையில் மலை மாதிரி நின்றது.

"மாடிப்படி ஏறினா," என்றான் அவசரமாக. "கொஞ்சம் வேகமா ஏறிட்டா."

டெக்னீஷியன் பெண் தலையாட்டினாள். துடிப்பு ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியிருக்கிறது, கருவிக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை என்றாள்.

"பயப்படாம தினமும் ஏறச் சொல்லுங்க. நீங்களும் கூடவே ஏறுங்க சார், உடம்புக்கு நல்லது."

டீச்சர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டில் குலுங்கியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாடி ஏறியதற்கெல்லாம் ஒரு மனுஷன் ஏன் கண்கலங்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

வாசலுக்கு வந்ததுமே அவன் கைதட்டி ஒரு வண்டியை நிறுத்தினான். வீடு இதோ பக்கத்தில்தானே, நடந்தே போகலாமே என்றாள் அவள்.

"நடந்து களைச்சுப் போயிட்டா, அப்புறம் மாடி எப்படி ஏறுறது டீச்சர்?"

வண்டி கிளம்பியும் அவள் சிரிப்பு நிற்கவில்லை. அவன் கை அவள் தோளைச் சுற்றிக் கிடந்தது.

அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.