புதுப் பட்டை போட்ட வண்டி

உறைந்த ஏரியின் வெறும் பனிக்கட்டிமேல் பனி ஸ்கூட்டர் ஓடினால் ஒரு கீச்சல் எழும். பல்லைக் கூச வைக்கும். அந்த வசந்தத்தில் கேட்ட கீச்சல், இத்தனை வருஷம் கழித்தும் ராவ்னாவின் காதில் இருக்கிறது.

அந்த வருஷம் மேல்பனியை எல்லாம் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. ஸ்கூட்டரின் ரப்பர் பெல்ட்டுக்குள் இரண்டு சட்டங்கள், சட்டத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டைகள். பெல்ட் வாரியடிக்கும் பனிதான் பட்டையைச் சூடாகாமல் காக்கும். பனி இல்லையென்றால் பட்டை உருகும். வண்டி நின்றுவிடும்.

ஊரில் எல்லோர் பட்டையும் தேய்ந்து கிடந்தது. கடையில் இருந்த கடைசி ஜோடியை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கிப் போட்டுக்கொண்டவன் ஈசாத், ராவ்னாவின் பக்கத்து வீட்டுக்காரன்.

ராவ்னாவின் நாற்பது துருவ மான்கள் ஏரியின் அக்கரையில் நின்றன. அத்தனையும் சினை. ஆறு வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் இக்கரை மேய்ச்சலுக்கு ஓட்டி வராவிட்டால் அவை அங்கேயே பட்டினி கிடந்து சாகும். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மந்தை ஓட்டும் நாளில் வீட்டுக்கு ஒரு வண்டி வந்தாக வேண்டும். காய்ச்சல்காரன்கூட வந்துவிடுவான்.

திங்கட்கிழமை காலை ஐந்து வண்டிகள் கரையில் வந்து நின்றன. ஈசாத் காபிக் கோப்பையோடு தன் வாசலில் நின்றான்.

மந்தைத் தலைவர் ஹெய்க்கா, ராவ்னாவின் தாய்மாமன், அவனைக் கூப்பிட்டார்.

"என் வண்டி இன்னைக்கு ஓடாதுண்ணே."

"என்னடா கோளாறு?"

"ஓடாது. அவ்வளவுதான்."

ராவ்னா அவனோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய நாய் அவள் மந்தையைக் கலைத்து விரட்டியதில் இரண்டு கன்றுகள் செத்தன. அதன்பின் அவனிடம் ஒரு தீப்பெட்டிகூட அவள் வாங்கியதில்லை. இப்போதும் மாமனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"புதுப் பட்டை தேஞ்சுடுமேன்னு துரைக்குக் கவலை, மாமா. பட்டுத் துணியில சுத்திப் பெட்டியில வெச்சுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஈசாத் அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுரண்டுற கம்பியை இறக்கி விட்டுக்கிட்டுப் போ. அது கட்டியைச் சீவி உள்ளே தள்ளும். பட்டை சூடாகாது."

"உங்கிட்ட யாரும் பாடம் கேக்கல."

கம்பியை இறக்காமலே கிளம்பினாள். முதல் வளைவு தாண்டி, அவன் கண்ணுக்கு மறைந்தபின் நிறுத்தி, இறக்கிவிட்டாள்.

ஏரி நடுவில் இரண்டு வண்டிகள் நின்றுபோயின. பிளாஸ்டிக் கருகும் வாடை. இன்னொன்று நொண்டிக்கொண்டு திரும்பியது. எஞ்சியவர்கள் ராவ்னாவும் ஹெய்க்காவும் மட்டும்தான். ஹெய்க்காவின் வண்டி கீச்சிட்டுக்கொண்டே வந்தது. ராவ்னாவின் வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. அவள்தான் சுற்றி வளைத்து மந்தையைத் திருப்பினாள். மதியத்துக்குள் கடைசி மானும் கரையேறியது. மறுநாள் ஆற்று வாயில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் திறந்துகொண்டது.

அன்று மாலை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊர் வழக்கப்படி காபியில் உலர்ந்த இறைச்சியைப் போட்டுக் குடித்தபடி, ராவ்னா எல்லோருக்கும் விளக்கினாள். பெல்ட்டை முறுக்கி வைத்தால் அதுவே பட்டையைத் தின்றுவிடும். சனிக்கிழமையே தான் இரண்டு விரல் அளவுக்குத் தளர்த்தி வைத்ததாகச் சொன்னாள். கம்பியை எப்போது இறக்க வேண்டும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஏன் தூக்கிவிட வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"பட்டை புதுசா பழசாங்கிறது பெரிசில்ல. வண்டியை வெச்சுக்கிற கைதான் பெரிசு."

யாரும் மறுக்கவில்லை. கண்ணால் பார்த்திருந்தார்களே.

செப்டம்பர் கூட்டத்தில், ஊரார் சேர்ந்து நடத்தும் மந்தைக் கூட்டுறவில் ஈசாத் இனி இருக்கலாமா என்ற பேச்சு வந்தது. ஹெய்க்கா தயங்கினார். ஒரு தடவைதானே, போகட்டும் என்றார்.

"அந்த ஒரு தடவையில என் நாப்பது மானும் போயிருக்கும் மாமா. ஆபத்துக்கு வராதவன் நமக்கு எதுக்கு?"

ஈசாத்திடம் கேட்டார்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றான். கையைத் தூக்கி முடிவு செய்தார்கள். முதலில் தூக்கியது ராவ்னா.

நவம்பரில், முதல் பனிக்கு முன்னால், பட்டை மாற்றுவதற்காக ராவ்னா வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தாள். அந்த ஓட்டத்துக்குப் பிறகு ஏரியின் பனிக்கட்டியும் உடைந்துவிட்டதால் வண்டியை அவள் தொட்டிருக்கவே இல்லை. பழைய பட்டை காகிதமாய்த் தேய்ந்திருக்கும் என்று நினைத்தாள்.

தடிமனாக இருந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது.

முனையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தாள். கத்தியால் போட்ட இரண்டு வெட்டு, அருகே ஒரு சாய்ந்த கீறல். மான் காதில் ஈசாத் வெட்டும் குடும்பக் குறி அது. கோப்பை, துடுப்பு, மண்வெட்டி என்று தனக்குச் சொந்தமான எல்லாவற்றிலும் அதை வெட்டி வைப்பது அவன் வழக்கம்.

இரண்டு வீட்டு வண்டியும் ஒரே ரகம். மந்தை ஓட்டுவதற்கு முந்தின ஞாயிறு ஊரே தேவாலயத்தில் இருந்தது. அவன் மட்டும் வரவில்லை. கொட்டகைகளைப் பூட்டும் பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

அவன் கொடுத்திருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை ஈசாத்தின் வண்டியில் பட்டையே இல்லை.

ராவ்னா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. அக்டோபரிலேயே மான்களை விற்றுவிட்டு அவன் ஆல்டா நகரத்துக்குப் போயிருந்தான். ஓய்வு பெறும்வரை அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினான்.