போர்த்தி வைத்த புது மாடல்

பிக்கப் வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. தலையிலிருந்து கால்வரை துணி போர்த்திய ஒரு பிக்கப். “புது மாடலாம்! யாருக்கும் தெரியாம ஓட்டிப் பாக்குறாங்களாம்!”

குழுவே மெத்தைக்கடைக்காரரின் வாயைப் பார்த்தது. இருபது வருஷமாக ஒரே வண்டியோடு மல்லுக்கட்டிய தகுதியில், தனக்குத்தானே நிபுணர் பட்டம் கொடுத்துக்கொண்டவர் அவர்.

“பானெட் புடைச்சிருக்கு பாருங்க. உள்ள பெரிய இன்ஜின், டர்போ!”

“பின்பக்கம் தாழ்ந்திருக்கே, அண்ணே?”

“சரக்கு ஏத்த வசதியா புது சஸ்பென்ஷன். இது வந்துட்டா நம்ம வண்டியெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான்!”

சொன்னதோடு நிற்கவில்லை. விலை விழுவதற்குள் முந்திக்கொள்வோம் என்று, மறுநாள் காலையிலேயே தன் வண்டியைப் பழக்கடைக்காரர் தலையில் பாதி விலைக்குக் கட்டிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் படத்தை நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இது நம்ம கடை மெத்தை உறைத் துணியாச்சே! போன வாரம் ஒர்க்‌ஷாப்புல நம்ம வண்டிய விட்டப்போ நீங்கதானே போர்த்திட்டு வந்தீங்க?”

“அப்போ... அந்தப் புடைப்பு?”

“பானெட் ஓட்டையில மழைத்தண்ணி இறங்கக் கூடாதுன்னு நீங்க வச்ச தலையணை. பின்னாடி ஸ்பிரிங் பட்டை உடைஞ்சு அப்போ குந்திக்கிட்டுல்ல நின்னுச்சு.”

கையிலிருந்த போன் சிணுங்கியது. குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணே, இந்த வண்டி எப்போ விற்பனைக்கு வரும்?”

மெத்தைக்கடைக்காரர் ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார்:

“காலையிலயே வித்துப்போச்சு.”