கஞ்சி பட்ட கை

சோற்றுப்பானையை வடிக்கச் சாய்த்துவிட்டுக் கரண்டிக்குத் திரும்பினாள். அதற்குள் அலறல்.

வடிகஞ்சி அத்தனையும் பிள்ளையின் கையில்.

இடது முழங்கை முதல் விரல்நுனி வரை. பசை மாதிரி ஒட்டிக்கொண்டு ஆவி விட்டது.

அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நிழலில் மண்பானை இருந்தது. முதல் செம்பு ஊற்றினாள். கஞ்சி வழிந்தது. அடியில் தோல் செக்கச்செவேல் என்றிருந்தது.

வடிவுக்கு வருகிற ஆவணியில்தான் இரண்டு முடிகிறது.

இரண்டாவது செம்பு. மூன்றாவது.

மணிக்கட்டில் ரப்பர் கருவளை. கை வீங்கினால் இறுக்கிவிடும். பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள்.

பக்கத்து வீட்டு மைனி சுயம்புக்கனி ஓடி வந்தாள். புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. கையில் கிண்ணம் நிறைய இட்லி மாவு.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வெந்த புண்ணுல தண்ணிய ஊத்துதியே! கொப்பளம் கெளம்பிரும்லா. தள்ளு."

"மாவு வேண்டாம் மைனி."

"வேண்டாமா? பெத்தவதானா நீ? புள்ள கெடந்து துடிக்கி."

துடிக்கத்தான் செய்தாள். உள்ளே போன மூச்சு வெளியே வரக் காணோம். பிறகு பீறிட்டு அழுதாள். அம்மாவின் தோளைக் கடித்தாள்.

அம்மா பிடியை விடவில்லை.

வாசற்படியில் செல்போன் கிடந்தது. பன்னிரண்டு பத்து. தொடங்கி ஏழு நிமிடம் இருக்கும்.

இருபது நிமிடம் என்றுதான் எழுதியிருந்தது, துணை சுகாதார நிலையத்துச் சுவரில். குளிர்ந்த தண்ணீர் மட்டும். வேறு எதையும் தடவக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரி. வடிவுக்கு ஊசி போடப் போன அன்று வரிசையில் நின்றபடி படித்தாள். எழுத்துக் கூட்டப் பழகியதே போன வருஷம்தான். உப்பளத்து வேலை முடிந்து வந்து, கண் சொருகச் சொருக. மற்றவர்கள் ஒரு பார்வையில் முடிக்கிற சுவர் அவளுக்கு ஒரு வரிசை நேரம் பிடித்தது.

சரியாகத்தான் படித்தோமா?

படித்ததை நம்பி அவள் இதுவரை ஒரு காரியம் செய்ததில்லை. பஸ்ஸில் ஊர்ப் பெயரை வாசித்தாலும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

மைனி குனிந்து மாவை அள்ளினாள்.

அவள் முழங்கையால் இடித்தாள். கிண்ணம் மண்ணில் கவிழ்ந்தது.

மூத்தவளை அவள் எதிர்த்துப் பேசியதுகூடக் கிடையாது.

"எம் மவன் தவசிக்கு இதத்தாம்ட்டி போட்டேன். செத்தா போயிட்டான்?"

சாகவில்லை. தவசிக்கு இப்போது பதினொரு வயது. வலது கையில் மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிவிட்டன. இடது கையால் எழுதுகிறான்.

அவள் அடுத்த செம்பை ஊற்றினாள்.

பானை தீர்ந்தது. குடத்தை எடுத்தாள். குடிக்க வைத்திருந்தது. தண்ணி லாரி நாளைக்குத்தான் வரும்.

அழுகை தேய்ந்து விக்கலானது. தலை சாய்ந்தது. வலி தணிகிறதா, பிள்ளை சோர்ந்து போகிறாளா? அவள் கன்னத்தைத் தட்டினாள். பலமாகத் தட்டினாள்.

வடிவு கண்ணைத் திறந்து, ஓங்கி அழுதாள்.

அந்த அழுகை நன்றாக இருந்தது.

பன்னிரண்டு பதினேழு. செம்பு குடத்தின் அடியில் உரசியது. கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டியது. நின்றது.

இன்னும் ஆறு நிமிடம்.

நிமிர்ந்தாள். மைனி அங்கே இல்லை.

கோபித்துக்கொண்டு போயிருப்பாள். அவள் வீட்டை விட்டால் வேறு வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, நிற்பதா?

மைனி திரும்பி வந்தாள். இடுப்பில் குடம். தளும்பி அவள் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

"ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. கையப் புடி."

மைனி மெல்லிய தாரையாக ஊற்றினாள். அவள் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்தாள். விரித்த விரல் மடங்கியது. மறுபடி விரிந்தது.

மைனி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இத யாரு சொன்னா?"

"ஊசி போடுத எடத்துல, செவுத்துல எழுதியிருக்கு மைனி."

தாரை கோணியது. மறுபடி நேரானது.

"எத்தன வருசமா இருக்கு?"

கடைசி வரியில் வருஷமும் போட்டிருந்தது, தவசி பிறந்த வருஷம். அதையும் அவள் கூட்டிப் படித்திருந்தாள்.

"அது தெரியலயே மைனி" என்றாள்.