அறுபதைத் தாண்டினால் ஒரு சத்தம்

வக்கீலின் காரில் அறுபதைத் தாண்டினால் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக் பெல்ட்டை மாற்றினான், பேரிங்கை மாற்றினான், வக்கீலைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தான். அவன் தனியாக ஓட்டினால் மட்டும் கார் வாயே திறக்காது.

“இன்னிக்குக் கண்டுபிடிக்கலைன்னா இதைத் தலைமுழுகிட்டு இன்னும் வேகமான வண்டியா வாங்கிடுவேன்” என்றார் வக்கீல்.

வக்கீல் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார, எப்போதும் கூடவே வரும் வக்கீலம்மா பின்னால் ஏறிக்கொண்டார். முள் அறுபதைத் தாண்டியது. ஙொய்ங்.

சத்தம் இஞ்சினிலிருந்து வரவில்லை. மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். வக்கீலம்மா வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை மட்டும் அதிர்ந்தது.

வக்கீல் பெட்ரோல் போட இறங்கியதும் மெதுவாகக் கேட்டான்: “அம்மா, நீங்கதானா?”

“நானேதான். போய்ச் சொல்லிக்கோ, நிறுத்த மாட்டேன். ‘மெதுவாப் போங்க’ன்னு கல்யாணமான நாள்லேருந்து கத்துறேன், காதுல ஏறல. வண்டி முனகினா மட்டும் உடனே காலை எடுக்குறார்.”

வக்கீல் திரும்பி வந்தார். “என்னப்பா, கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சுட்டேன் சார். ரிப்பேர் பண்ற விஷயமில்ல. எந்த வண்டி வாங்கினாலும் இந்தச் சத்தம் கூடவே வரும். அறுபதுக்குள்ளயே ஓட்டுங்க.”