நண்டு பார்த்த பாலைவனம்

கடற்கரை ஊர்களிலிருந்து பாலைவனச் சோலைகளுக்குக் கருவாடு சுமந்து போகும் ஒட்டக வரிசையில், கடைசியாக நடப்பது ஒரு கிழட்டு ஒட்டகம். ஒவ்வொன்றின் மூக்கணாங்கயிற்றையும் முன்னால் போகிற ஒட்டகத்தின் வாலில் முடிந்துவிடுவது அந்த நாட்டு வழக்கம்.

ஒருமுறை அந்தக் கிழட்டு ஒட்டகத்தின் சேணத்து மடிப்பில், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று ஏறிக்கொண்டது. பாலைவனத்தைப் பார்க்க அதற்குக் கொள்ளை ஆசை. ஆனால் வெயில் சுட்டதும் சங்குக்குள் ஒடுங்கியதுதான், அப்புறம் எட்டிப் பார்க்கவேயில்லை.

"அண்ணே, என்ன தெரியுது?" என்று உள்ளிருந்தே கேட்டது.

"முன்னால போறவன் வால் தெரியுது தம்பி."

"இப்போ?"

"அதே வால்தான்."

ஒருவழியாக வரிசை நின்றது.

"வால் நின்னுடுச்சு. சோலை வந்துட்டுது போல," என்றது ஒட்டகம்.

கயிற்றை அவிழ்க்காமலே கருவாட்டை இறக்கிப் பேரீச்சம்பழத்தை ஏற்றினார்கள். வரிசை திரும்பி நடந்தது.

கரை சேர்ந்ததும் மற்ற நண்டுகள் சூழ்ந்துகொண்டன. பயணம் போன நண்டு ஆரம்பித்தது: "பேரீச்ச மரம் ஒவ்வொண்ணும் வானத்துக்கே விசிறுது! சாயங்காலமானா மணல்மேடு தங்கமா உருகி ஓடுது. நடுவுல ஒரு குளம், அதுல நிலா இறங்கிக் குளிக்குது..."

பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த ஒட்டகத்தின் வாய் நின்றுபோனது. இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் ஊரை அது கேள்விப்பட்டதே இல்லை. கழுத்தை நீட்டி, கூச்சத்தோடு கேட்டது:

"தம்பி, அந்த ஊருக்கு என்னையும் ஒருதரம் கூட்டிட்டுப் போவியா?"

நண்டு அதன் கால்களை மேலும் கீழும் பார்த்தது.

"போகலாம்ண்ணே. ஆனா ரொம்ப தூரம் நடக்கணும். உங்களால முடியுமா?"