ஒன்பதாவது தாள்

காவலர் கையைக் காட்டினார்.

அவள் லீவரை முன்னால் தள்ளினாள். வண்டி சாலையோரம் ஒதுங்கி நின்றது.

கர்நாடகம் முடிந்து இருநூறு அடிகூட ஆகவில்லை. வெளி மாநில எண்ணைக் கண்டால் நிறுத்தத்தானே செய்வார்கள்? நிறுத்தட்டும். அதற்காகத்தான் மூன்று வாரமாக ஒவ்வொரு தாளாகச் சேர்த்திருந்தாள்.

காவலர் நேராக இடப்பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"லைசென்ஸ் எடுப்பா."

தம்பி முனிராசு நெளிந்தான். "எனக்கு மொபெட்டு மட்டும்தான் வரும் சார். அக்காதான் ஓட்டறாங்க."

காவலர் குனிந்தார். பின் இருக்கையில் கிடந்த ஊன்றுகோல்களைப் பார்த்தார். பெடலைத் தொடாத, மெலிந்த அவள் கால்களைப் பார்த்தார். பிறகுதான் முகத்துக்கு வந்தார்.

எல்லோரும் இந்த வரிசையில்தான் பார்ப்பார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. அதில் வருகிற கோபம்தான் இன்னும் பழகவில்லை.

"கையிலேயே ஓட்டற வண்டி சார். இழுத்தா ஓடும், தள்ளினா நிக்கும். ஆர்.சி.யிலயே எழுதியிருக்கு."

பெங்களூரில் ஒரு பெரியவர் தன் மனைவிக்காக மாற்றி அமைத்த வண்டி. மனைவி இறந்து ஒரு வருடம் ஆயிற்றாம். லீவரின் தலையில் அந்த அம்மாளின் உள்ளங்கை தேய்த்த வழவழப்பு இருந்தது. இன்று காலை அவரிடம் வண்டியை வாங்கி, அதைப் பிடித்ததுமே அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

முனிராசு தன் பங்குக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். முன் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். சரியாக அவள் கண்ணுக்கு நேராக. கார் ஓட்டுகிறவர் எங்கே பார்ப்பார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சாமி காரியமாயிற்றே என்று அவளும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டாள்.

நாளைக் காலை அவள் அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைப் பள்ளியில் தலைமையாசிரியராகச் சேர வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாறி, இறங்கி, மூன்று கிலோமீட்டர் ஏற்றம்.

பதவி உயர்வு ஏற்கெனவே இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். எழுதியது முனிராசு. முத்து முத்தாக எழுதுவான். அவள் கீழே கையெழுத்துப் போட்டதோடு சரி.

"உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு" என்பான். பிரியத்தில்தான். இருபது வருடமாகத் தினமும் காலையில் வாசலில் மொபெட்டை நிறுத்தி, "ஏறுக்கா" என்கிறவன். பிரியத்தை என்ன சொல்லித் திட்டுவது?

இந்த வண்டி இன்று வீடு போய்ச் சேராவிட்டால் மூன்றாவது முறையும் எழுத வேண்டியதுதான்.

காவலர் அவள் பக்கம் சுற்றி வந்தார். அவள் ஃபைலை நீட்டினாள். எட்டுத் தாள்.

அவர் நிதானமாகப் புரட்டினார். அவள் லைசென்ஸ் நகல், ஆர்.சி., வண்டியைக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்று அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த சான்று. விற்றதற்கான படிவங்கள். புகைச் சான்று. இன்சூரன்ஸைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயர் மாற்றாமல் வழுக்கி விழுகிற இடம் அது. பெயரைப் பார்த்தார். அவள் பெயர்தான் இருந்தது. முகம் பழையபடி ஆனது.

இந்த மாதிரி நேரத்தில் மற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவளுக்குக் கை ஓடினால் போதும். சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னம்மா?"

ஒன்பதாவதாக ஒரு தாள்.

காவலர் உரக்கவே வாசித்தார். "மலைப்பகுதியில் பணியாற்ற என் உடல்நிலை இடம் தராததால், தலைமையாசிரியர் பதவி உயர்வு எனக்கு வேண்டாம் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்..."

முத்து முத்தான எழுத்து. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அவள் முனிராசுவைப் பார்த்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்க்கா..." என்று முணுமுணுத்தான். "வண்டி சரியா அமையலேன்னா..."

வலித்தது. நன்றாகவே வலித்தது.

காவலர் பக்கம் திரும்பினாள்.

"அது மட்டும் செல்லாது சார். மத்த எட்டும் செல்லும்."

அவர் அவளைப் பார்த்தார். இந்த முறை முகத்தை மட்டும். தாள்களைத் தட்டி அடுக்கி ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

"போங்க டீச்சர்."

அவள் ஃபைலை முனிராசுவின் மடியில் வைத்தாள். வண்டியை எடுக்கவில்லை.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவன் ஃபைலைத் திறந்தான். ஒன்பதாவது தாளை உருவினான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

முன்பக்கம் வந்து, தாளைச் சுருட்டி நனைத்து, அவள் கண்ணுக்கு நேராக இருந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தான். மை கரைந்து கண்ணாடியில் நீலமாக வழிந்தது. மறுபடியும் தண்ணீர் ஊற்றித் துடைத்தான்.

"இப்ப தெரியுதாக்கா?"

சாலை முழுக்கத் தெரிந்தது. நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான், ஈரக் கையோடு.

"ஏறுடா" என்றாள்.